கட்டிலருகே இருந்தவர் யார்? அட்டெண்ட் ஆய்வு: ஒரு மறுவாசிப்பு

285, 287. பக்கவாத மறுவாழ்வு ஆய்வுலகில் இந்த இரண்டு எண்களின்மேல் கட்டப்பட்ட முடிவுகள் பல. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் நடந்து 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியான அட்டெண்ட் ஆய்வின் முதன்மை முடிவில் இவை அருகருகே நிற்கின்றன. மறுவாழ்வுப் பயிற்சி பெற்ற குடும்பத்தாரின் கவனிப்பில் இருந்த 607 நோயாளிகளில் 285 பேர், ஆறாம் மாத முடிவில் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்து வாழ்ந்தார்கள். வழக்கமான பராமரிப்புக் குழுவின் 605 பேரில் அத்தகையோர் 287. இரு பக்கமும் நூற்றுக்கு 47.

பின்வந்த எழுத்துகளில் இந்த முடிவு ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது: பக்கவாத மறுவாழ்வைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்துப் பயனில்லை. அந்த ஒரு வரி சரியல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆய்வின் தரத்தில் குறை காண இங்கு ஒன்றுமில்லை. 1250 நோயாளிகளைச் சேர்த்து, அவர்களில் மிகப் பெரும்பாலோரை ஆறு மாதம் விடாமல் பின்தொடர்ந்தது இந்தியச் சூழலில் அருஞ்செயல். சிட்னியின் ஜார்ஜ் நிறுவனத்திலிருந்து ரிச்சர்ட் லிண்ட்லியும், லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து ஜெயராஜ் பாண்டியனும் முன்னின்று நடத்த, பிரிட்டனின் பக்கவாத ஆய்வாளர்களும் கைகோத்த கூட்டுமுயற்சி அது. அந்த எண்கள் எந்தக் கேள்விக்கு விடை என்பதில்தான் பிணக்கு.

ஆய்வில் சேர்வதற்கான நிபந்தனைகளைத் திரும்பப் பார்த்தால் பிணக்கின் வேர் தெரியும். பக்கவாதம் வந்து ஒரு மாதத்துக்குள் இருக்க வேண்டும்; உடலில் செயல்குறை எஞ்சியிருக்க வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. நோயாளியைக் கவனித்துக்கொள்ளக் குடும்பம் குறிப்பிடும் ஒருவர் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத நோயாளிக்கு ஆய்வில் இடமில்லை. பயிற்சி பெறப்போகிறவர் அவர்தான் என்பதால் இந்த நிபந்தனை இயல்பானது, தவிர்க்க முடியாததும்கூட. ஆனால் விளைவு என்ன? பயிற்சிக் குழுவின் 623 பேருக்கும் ஒரு மனைவியோ மகனோ மருமகளோ இருந்தார். ஒப்பீட்டுக் குழுவின் 627 பேருக்கும் இருந்தார். எனவே அட்டெண்ட் ஒப்பிட்டது குடும்பம் உள்ள நிலையையும் குடும்பம் இல்லாத நிலையையும் அன்று. பயிற்சி பெற்ற குடும்பத்தைப் பயிற்சி பெறாத குடும்பத்தோடு அது ஒப்பிட்டது.

இந்த வேறுபாடு அற்பமாகத் தோன்றினால், அதற்குக் காரணம் 'வழக்கமான பராமரிப்பு' என்ற தொடரின் வெறுமை. கேட்பவர் மனத்தில் அது எந்தப் படத்தையும் எழுப்புவதில்லை. மெல்போர்னில் அதற்கு ஒரு படம் உண்டு. அந்நகரின் ஐந்து பக்கவாதச் சிகிச்சைப் பிரிவுகளில் 58 நோயாளிகளின் பகல்பொழுதைக் கவனித்து ஜூலி பெர்ன்ஹார்ட் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் பாதிக்கு மேற்பட்ட நேரம் படுக்கையில் கிடந்தார்கள்; ஏறத்தாழ 60 விழுக்காட்டு நேரம் அருகில் யாருமின்றித் தனியாக இருந்தார்கள். சுறுசுறுப்பாக இயங்கிய நேரம் மிகச் சொற்பம்.

இந்திய மருத்துவமனையின் பொது வார்டில் இந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கடினம். "பேஷண்ட்கூட யாரு இருக்கீங்க?" என்ற குரலுக்கு ஒருவர் எழுந்து வந்தால்தான் அங்கே பல வேலைகள் நடக்கும். 'அட்டெண்டர்' என்றே மருத்துவமனைகள் அவரை அழைக்கின்றன. அட்டெண்ட் என்ற ஆய்வின் பெயரோடு அச்சொல் ஒத்திசைப்பதை இந்திய வாசகர் கவனிக்காமல் இருக்க முடியாது. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பவர், கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துப்போகிறவர், கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுகிறவர், இயன்முறை மருத்துவர் வந்து காட்டிய அசைவை மாலையில் மறுபடி செய்யவைப்பவர் எல்லாம் அவரே. இவற்றில் எதையும் எந்த ஆய்வாளரும் அவருக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஒப்பீட்டுக் குழுவின் கட்டிலருகிலும் அவர் இருந்தார்.

அப்படியானால் 285-க்கும் 287-க்கும் வேறொரு பொருள் கிடைக்கிறது. ஏற்கெனவே நோயாளியின் அருகிலேயே இருந்து கவனிக்கும் குடும்பத்துக்கு, மருத்துவமனையில் தொடங்கி வீட்டில் இரண்டு மாதம்வரை தொடர்ந்த கட்டமைக்கப்பட்ட பயிற்சியைக் கூடுதலாகத் தந்தபோது, ஆறாம் மாதத்தில் அளக்கத்தக்க ஆதாயம் தெரியவில்லை. இவ்வளவுதான் அந்த எண்கள் சொல்வது. குடும்பத்தின் உழைப்பு பயனற்றது என்று அவை சொல்லவில்லை, சொல்லவும் இயலாது.

ஆய்வை எழுதியவர்கள் இந்த எல்லையைப் பெரும்பாலும் மதித்தார்கள் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். புதிய சான்று வரும்வரை, குடும்பத்தாருக்குப் பணிமாற்றம் செய்யும் புதிய சேவைகளில் முதலீடு செய்வதைத் தங்கள் முடிவுகள் ஆதரிக்கவில்லை என்றே அவர்கள் எழுதினார்கள். சுகாதார உதவியாளர்களிடமோ சமூக அளவிலான குழுக்களிடமோ அப்பணியை ஒப்படைப்பதை அடுத்து ஆராயலாம் என்றார்கள். கொள்கைப் பரிந்துரை என்ற அளவில் இதை ஏற்பதில் தடையில்லை. ஆனால் 'பணிமாற்றம்' என்ற சொல் இடறுகிறது. பணி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறினால்தான் அது மாற்றம். இந்தியப் பக்கவாத நோயாளியின் அன்றாட மறுவாழ்வில் பெரும்பகுதி முதலிலிருந்தே குடும்பத்தின் கையில் இருந்தது. மாறாத பணியை மாற்றியதாக எண்ணி, வந்து சேராத விளைவைத் தேடியிருக்கிறோம்.

குடும்பப் பயிற்சிக்குப் பரிந்து பேசுவோர் வழக்கமாக எடுக்கும் வேறொரு வாதத்தை இங்கே விலக்கிவிடுவது நேர்மை. நோயாளியின் நிலையை அளக்க ஆய்வு பயன்படுத்திய ராங்கின் செயல்குறை அளவுகோல் முரட்டுத்தனமானது என்பது அவர்கள் குறை. 0 முதல் 6 வரையிலான அந்த அளவுகோலில் 3-உம் அதற்கு மேலும் 'சார்ந்து வாழ்தல் அல்லது மரணம்' என்று ஒரே கூடையில் விழுகின்றன. படுத்த படுக்கையாக 5-இல் இருந்தவர், ஆள்துணையின்றி நடக்குமளவு தேறி 3-க்கு வந்தாலும் கணக்கில் மாற்றமில்லை. கவர்ச்சியான வாதம், உண்மையும்கூட. ஆனால் அட்டெண்டைக் காப்பாற்ற அது போதாது. அன்றாடச் செயல்திறன், வாழ்க்கைத்தரம், கவனிப்பவரின் சுமை ஆகிய துணை அளவீடுகளிலும் இரு குழுக்களும் பிரியவில்லை. அளவுகோலின்மேல் பழிபோட்டால் உண்மையான சிக்கல் மறைந்துவிடும். எதை அளந்தார்கள் என்பதைவிட, எதோடு ஒப்பிட்டார்கள் என்பதே இங்கு முதன்மையானது. முதன்மை முடிவில் இரு குழுக்களையும் ஒப்பிடும் வாய்ப்பு விகிதத்தின் நம்பக இடைவெளி 0.78-இலிருந்து 1.23 வரை விரிகிறது. மிதமான நன்மையையோ மிதமான தீமையையோ அது முற்றாக விலக்கவில்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கலாம்.

ஒப்பீட்டுக் குழுவின் சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. நாடுகள் சேர்ந்து மறுவாழ்வை ஆராயும்போதெல்லாம் அது தலைகாட்டும். பெல்ஜியம், பிரிட்டன், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகளில் ஒவ்வொரு மறுவாழ்வு மையத்தை எடுத்துக்கொண்ட செரிஸ் கூட்டாய்வு, நோயாளிகளின் பகல்பொழுதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டது. 2005-இல் வெளியான அதன் முடிவுப்படி, நோயாளி ஒருநாளில் பெற்ற நேரடிச் சிகிச்சை பிரிட்டனில் சுமார் ஒரு மணிநேரம். சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ மூன்று மணிநேரம். பணியாளர் எண்ணிக்கையைக் கொண்டு இந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. ஒரே கண்டத்தின் நான்கு செல்வ நாடுகளிலேயே 'வழக்கமான பராமரிப்பு' மூன்று மடங்கு விரிகிறது.

மருந்தாய்வுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. பக்கவாதத்துக்குப்பின் ஃபுளூவாக்செட்டின் மாத்திரை உடலியக்கத்தை மீட்குமா என்ற கேள்வியைப் பிரிட்டனின் ஃபோகஸ் (3127 பேர்), ஸ்வீடனின் எஃபெக்ட்ஸ் (1500 பேர்), ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வியட்நாம் இணைந்த அஃபினிட்டி (1280 பேர்) ஆகிய மூன்று ஆய்வுகள் பொதுவான நெறிமுறையின்கீழ் ஆராய்ந்தன. 118 பேரைக் கொண்ட பிரெஞ்சு ஆய்வொன்று 2011-இல் கிளப்பிய நம்பிக்கை அத்தோடு அடங்கிற்று. மாத்திரை செயல்திறனைக் கூட்டவில்லை, எலும்பு முறிவையே கூட்டியது. மூன்றின் முடிவும் ஒரே திசையில் நின்றதை நம்பி ஏற்க முடிந்ததற்கு ஒரு காரணம் எளியது. எடின்பரோவில் விழுங்கிய வெற்று மாத்திரையும் ஹனோயில் விழுங்கிய வெற்று மாத்திரையும் ஒன்றே. மறுவாழ்வு ஆய்வில் வெற்று மாத்திரை கிடையாது. அதன் இடத்தில் ஒரு வார்டு இருக்கிறது, ஒரு வீடு இருக்கிறது, ஒரு மருமகள் இருக்கிறார்.

அந்த இடம் நிலையாக நிற்பதுமில்லை. ஐந்து நாடுகளின் 56 மருத்துவமனைகளில் 2104 பேரைச் சேர்த்த ஏவெர்ட் ஆய்வு இதற்குச் சான்று. பக்கவாதம் தாக்கிய 24 மணிநேரத்துக்குள் நோயாளியை எழுப்பி அடிக்கடி இயங்கவைத்தால் நல்லதா என்பது அதன் கேள்வி. 2006 முதல் 2014 வரை ஆள்சேர்ப்பு நடந்த அந்த எட்டாண்டுகளில், ஒப்பீட்டுக் குழுவின் நோயாளிகளும் ஆண்டுக்குச் சுமார் 28 நிமிடம் வீதம் முன்கூட்டியே எழுப்பப்பட்டார்கள். முடிவில், தொடக்கத்திலேயே தீவிரமாக இயக்கப்பட்டவர்களில் 46 விழுக்காட்டினரும் வழக்கமான குழுவில் 50 விழுக்காட்டினரும் நல்ல நிலையை எட்டினார்கள். இடையே நகர்ந்துகொண்டிருந்த ஒப்பீட்டுக் குழுவை ஏவெர்ட் குழுவினர் அளந்து எழுதிவைத்ததால்தான் அம்முடிவை இன்று தெளிவாக வாதிட முடிகிறது. அந்த ஒழுங்கைப் பின்வந்தவர்கள் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

எதிர்வாதங்கள் இரண்டைக் கவனிக்கலாம். சமவாய்ப்பு ஒதுக்கீடு இரு குழுக்களையும் சமன் செய்துவிடுகிறதே என்பது முதலாவது. செய்கிறது, இரு பக்கமும் குடும்பத்தைச் சமமாக வைத்ததும் அதுதான். இரண்டாவது வலுவானது. பிரிட்டனில் 928 நோயாளி-கவனிப்பாளர் இணைகளைக் கொண்டு நடந்து 2013-இல் வெளியான டிராக்ஸ் ஆய்வும், சீனக் கிராமப்புறங்களில் 246 பேரிடம் நடந்த ரெக்கவர் ஆய்வும் பயன் காணவில்லை. மூன்று நாடுகளில் ஒரே விடை என்றால் அது குடும்பத்தின் இயலாமையைத்தானே காட்டுகிறது? இல்லை. டிராக்ஸிலும் இணைகளாகவே சேர்க்கை நடந்தது. கவனிப்பவர் இல்லாத நோயாளி அங்கும் வரவில்லை. ஒரே வகை ஒப்பீட்டை மறுபடி மறுபடி செய்தால் ஒரே விடை வருவதில் வியப்பில்லை.

பக்கவாத மீட்சிக்கான பன்னாட்டு வட்டமேசை 2017-இல் வெளியிட்ட பரிந்துரைகள் காலக்கட்டங்களை வரையறுத்தன. எல்லா ஆய்வுகளும் பயன்படுத்த வேண்டிய பொது அளவீடுகளைத் தேர்ந்தன. ஒப்பீட்டுக் குழுவை எப்படி வடிவமைப்பது என்ற தனிப் பரிந்துரை மூன்றாம் வட்டமேசையிலிருந்து 2023-இல்தான் வந்தது. அட்டெண்ட் வெளியாகி ஆறாண்டு கழித்து வந்த அது, பழைய முடிவுகளை மீண்டும் வாசிக்கவும் ஒரு நியாயமான வாய்ப்பு.

அடுத்த பன்னாட்டு நெறிமுறையை எழுதுவோரிடம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. பயிற்சிக் குழுவில் எத்தனை அமர்வுகள், எத்தனை நிமிடங்கள் என்று எண்ணும் அதே குறிப்பேட்டில், ஒப்பீட்டுக் குழுவின் கட்டிலருகே யார் இருந்தார், நாளுக்கு எவ்வளவு நேரம் இருந்தார், என்ன செய்தார் என்பதையும் எண்ணி எழுதுங்கள். செரிஸ் குழுவினர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைச் செய்தார்கள். லூதியானாவிலும் வேலூரிலும் அதைச் செய்ய முடியும்.