சாக்கடை அன்று, ஆறு!



பாயான் பாருவின் வரலாற்றை மாணவர்களுக்குக் கூறும்போது நாம் பெரும்பாலும் தொழிற்சாலைகளிலிருந்தே தொடங்குகிறோம். 1972-ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் உருவானது. பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அதனருகே இப்புதுநகரை எழுப்பியது. அதற்கு முன் இவ்வட்டாரத்தில் நெல்வயல்கள் இருந்தன என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. வயல், மழைநீரைத் தேக்கி வைக்கும். தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் அதை உடனே தள்ளிவிடும்.

மழைநீரை விரைவாகக் கடலுக்கு அனுப்பவேண்டும் என்பதே அக்காலப் பொறியியலின் நோக்கம். அதற்காக நகர்ப்புற ஓடைகள் நேராக்கப்பட்டன. இருபுறமும் சிமெண்டுச் சுவர்கள் எழுந்தன. ஆனால், எல்லா நீரும் ஒரே வேளையில் தாழ்ந்த பகுதிக்கு வந்து சேரும்போது, அதுவும் கடல் பெருகியிருக்கும் நேரமானால், வெள்ளம் ஊருக்குள் புகுகிறது. 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கைத் தாக்கிய புயல்மழை எழுவரின் உயிரைப் பறித்தது.

மாற்றுவழி நம் நாட்டுக்குப் புதிதன்று. மழை விழும் இடத்திலேயே நீரைத் தேக்கி, மெல்ல விடவேண்டும் என்னும் வழிகாட்டி நூலை வடிகால் நீர்ப்பாசனத் துறை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2003-இல் நிபோங் திபாலிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில், சிமெண்டுக் கால்வாய்களுக்குப் பதிலாகப் புல்வாய்க்கால்களும் குளங்களும் ஈரநிலமும் செயற்படத் தொடங்கின. சிங்கப்பூரின் பீசான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளச் சிமெண்டுக் கால்வாய், 2012-இல் வளைந்தோடும் ஆறாக மாறியது.

சிறுகாடு வளர்ப்பதும் அத்தகையதே. மண்ணுக்குரிய பலவகை மரக்கன்றுகளை நெருக்கமாக நடும் முறையை வகுத்தவர் சப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி. சப்பானியக் கோயில்களைச் சூழ்ந்த பழங்காடுகளே அவருக்கு வழிகாட்டின. நம் முன்னோரும் கோயிற்காடுகளைக் காத்தவர்கள் அல்லவா? அவர் 1991-இல் சரவாக்கின் பிந்துலுவில் இம்முறையில் மரங்களை நட்டார். இன்று நகரங்களில் சிறு மனையளவு நிலத்திலும் இவ்வாறு காடு வளர்க்கிறார்கள். அதன் வேர்கள் மண்ணை இளக்க, மழைநீர் நிலத்துள் இறங்குகிறது.

ஆக, அறிவும் முன்மாதிரியும் நம்மிடமே உள்ளன. குறைவது மனநிலை. சிமெண்டுச் சுவர்களுக்கிடையே ஓடும் சுங்கை கெலுவாங்கைப் பிள்ளைகள் சாக்கடை என்றே எண்ணி வளர்ந்தால், நாளை அதை மீட்கவேண்டும் என்று யார் கேட்பார்கள்? வீட்டருகே ஓடும் நீருக்கு என்ன பெயர், எங்கே பிறக்கிறது, எங்கே கடலில் கலக்கிறது என்று இந்த வாரம் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள்.