வரைவு என்னும் சொல்

பெண்ணை இன்னார்க்கு உரியள் என உறுதி செய்யும் நிகழ்ச்சியை இன்று நிச்சயதார்த்தம் என்றும், பரிசம் போடுதல் என்றும் வழங்குகின்றோம். பண்டைத் தமிழர் இதற்கு வழங்கிய சொல் 'வரைவு' என்பது எம் கருத்து. வரைவு என வருமிடமெல்லாம் 'திருமணம்' என்றே பொருள் எழுதிச் செல்லும் வழக்கம் உண்டு. யாமும் நெடுநாள் அவ்வாறே பாடஞ்சொல்லி வந்தோம். துறைகளை ஒருங்கு வைத்து நோக்குங்கால் அப்பொருள் யாண்டும் பொருந்துவதாக இல்லை.

'நொதுமலர் வரைவு' என்பதில் அயலார் தலைவியை மணம்பேசி வருகின்றனர், மணம் நிகழ்வதில்லை. நிகழின் களவொழுக்கமே சிதைந்தொழியும் அன்றோ! 'வரைவு மலிதல்' என்பதிலும், தமர் உடன்பட்ட செய்தி கேட்டு மகிழ்தலே உண்டு. மணமுரசு இன்னும் முழங்கவில்லை. எனவே, மகட்கேட்டலும் அதற்கு நேர்தலும் வரைவினுள் அடங்குவன என்பது பெறப்படும்.

'வரைவிடை வைத்துப் பொருள்வயிற் பிரிதல்' என்னும் துறையை மறுப்பாகக் காட்டலாம். ஆண்டு வரைவு இனி வருவது. ஆதலின் அது மணமே எனலாம். அதனை யாம் மறுக்கவில்லை. கேட்டல் முதல் கொள்ளுதல் ஈறாக இச்சொல்லின் எல்லை நீண்டது. ஆயினும் மணச்சடங்கிற்குத் தனிப்பெயர் உண்டு. தொல்காப்பியர் கற்பியலின் முதல் நூற்பாவில் 'கரணம்' என்றே கூறினார். மணவினையை விரித்துரைக்கும் அகநானூற்று 86, 136ஆம் பாடல்கள் 'வதுவை' என்கின்றன. 136ஆம் பாடலிலோ வரை என்னும் வேர், விருந்தோம்பியோரின் எல்லையற்ற வண்மையைச் சொல்லும் எதிர்மறையில் வந்துள்ளது.

இவ்வெதிர்மறையே சொற்பிறப்பிற்குத் திறவுகோல். வரைதலுக்கு எழுதுதற் பொருளும் உண்மையின், மணவோலை எழுதியதனால் இப்பெயர் வந்தது எனச் சிலர்க்குத் தோன்றக்கூடும். கன்னடத்து 'பரெ', தெலுங்கின் 'வ்ராயு' இரண்டும் எழுதுதலையே குறித்தல் அதற்குத் துணையாவது போலவும் தோன்றும். ஆனால் தொல்காப்பியத்துள் 'வரையார்' என்பது நீக்கார், விலக்கார் என்னும் பொருளில் பயில்கின்றது. கோடு கிழித்தல், எல்லை வகுத்தல், பிறரை விலக்கி ஒருவற்கே உரிமையாக்குதல் என இப்பொருள் வளர்ந்தது என்க. திருக்குறளின் 92ஆம் அதிகாரத் தலைப்பாகிய 'வரைவின்மகளிர்' என்பதும் அவ்வெல்லை இல்லாதாரையே சுட்டும்.

இவ்வாறு கொண்டாலன்றிக் களவியல் நூற்பா ஒன்று விளங்காது. களவு வெளிப்பட்டுக் கற்பினை ஒத்த நிலையிலும், மூன்று காரணம் பற்றி வரையாது பிரிதல் தலைவற்கு இல்லை என விலக்குகின்றார் ஆசிரியர். ஊரறிந்த பின்னும் வரைவு வேண்டப்படுவது ஏன்? ஊரறிதல் அலராகும்; உரிமை ஆகாது. தோழி ஓயாது வரைவு கடாவுவதும் விழாவை விரும்பியன்று. நாளை நொதுமலர் வந்து கேட்பின் தமர் மறுத்தற்கு ஓர் எல்லைக்கோடு வேண்டுமென்றே ஆகும்.