தோலுக்கென்று பிறந்த பொறி

தையல் பொறி என்றதும் நம் மனக்கண்ணில் விரிவது துணிதான். கடைத் திண்ணையும், மிதிபலகையும், கழுத்தில் அளவுநாடாவைத் தொங்கவிட்ட தையற்காரருமே நினைவில் எழுகின்றனர். துணிக்காகப் பிறந்த அப்பொறியைப் பிற்காலத்தார் தோல் தைக்கவும் பழக்கிக்கொண்டனர் என்றே நம்மிற் பலரும் எண்ணி வந்திருக்கிறோம். வரலாற்றேட்டைச் சற்றுப் பின்னோக்கிப் புரட்டினால் செய்தி தலைகீழாக இருக்கக் காண்கிறோம். முழுமையான தையல் பொறி ஒன்றை வரைந்து விளக்கிய முதல் காப்புரிமை தோலுக்காகவே எழுதப்பட்டது.

1790ஆம் ஆண்டில் அதனைப் பெற்றவர் இலண்டனைச் சேர்ந்த தாமஸ் செயின்ட் என்னும் மரப்பேழைத் தச்சர். செருப்பு, பூட்ஸ் முதலியவற்றைச் செய்யும் புதுமுறை என்பதே அக்காப்புரிமைத் தலைப்பின் சாரம். மெருகுக் கலவைகள் சிலவும் அதே ஏட்டில் இடம்பெற்றிருந்தன. அவர் வரைந்த பொறியில் முதலில் ஒரு குத்தூசி இறங்கித் தோலில் துளையிடும். பின்னர் மற்றோர் ஊசி நூலை அத்துளையின் வழியே கீழே செலுத்தும். அங்கே நூல் கண்ணியாகி அடுத்த கண்ணியுடன் கோத்துக்கொள்ளும். செருப்புத் தைப்பவர் தோலை மடியில் வைத்துக்கொண்டு காலங்காலமாகச் செய்துவரும் செயலும் இதுவேயன்றோ? முதலில் துளை, பின்னரே நூல். அந்தக் கையறிவைத்தான் தச்சர் மரத்திலும் இரும்பிலும் எழுதிப் பார்த்தார்.

செயின்ட் அப்பொறியைச் செய்து ஓட்டினார் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. காலணி பற்றிய ஏடுகளோடு ஏடாக அது எண்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்தது. 1870களில் நியூட்டன் வில்சன் என்னும் தையல் பொறி உற்பத்தியாளர் அதனைக் கண்டெடுத்து, வரைபடத்தின்படி ஒரு பொறியைச் செய்தார். ஆனால் சில உறுப்புகளைத் திருத்தி அமைத்த பிறகே அது தைத்தது. ஆகவே உலகின் முதல் தையல் பொறி, கற்பனை செய்தவரின் தாளிலிருந்து எழுந்து உயிர் பெற்றது மாற்றியமைத்தவரின் கையினால்தான் என்று சொல்வது மிகையாகாது. இந்த உண்மையை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்வரும் வரலாறு முழுவதும் இதே பாடத்தையே திரும்பத் திரும்பச் சொல்கின்றது.

பொறி துணியின் பக்கம் திரும்பியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பிரான்ஸ் நாட்டுத் தையற்காரர் பார்த்தலெமி திமோனியே 1830இல் உரிமம் பெற்றுப் படைவீரர்க்குச் சீருடை தைக்கலானார். பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் திரண்டு வந்து அவர்தம் பொறிகளை உடைத்தெறிந்தனர். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846இல், முனையிலேயே கண் கொண்ட ஊசியையும், கீழ்நூலைத் தாங்கி ஓடும் நாடாவையும் இணைத்து, இரு நூல்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையலுக்கு உரிமம் பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர், நேராக மேலும் கீழும் இயங்கும் ஊசியும், துணியை அழுத்தும் பாதமும் கொண்ட பொறியைக் கொணர்ந்தார். அதன் பிறகு வீடுதோறும் பொறி புகுந்தது. தோலுக்கென்று பிறந்த குழந்தை துணியின் வீட்டில் வளர்ந்து பெயர் பெற்றது.

அதனை மீண்டும் தோலிடம் அழைத்து வந்த ஊர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள லின். அது காலணித் தொழிலுக்குப் பெயர் போன நகரம். அங்கே ஆடவர் பத்தடிக்குப் பத்தடி அளவுள்ள சிறு கொட்டில்களில் அமர்ந்து அடித்தோலைப் பொருத்துவர். பெண்டிர் தம் இல்லங்களில் இருந்தவாறே மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுப்பர். 1850களின் தொடக்கத்தில் ஜான் புரூக்ஸ் நிக்கல்ஸ் என்னும் காலணித் தொழிலாளர், ஹோவின் பொறியை மேல்தோல் தைப்பதற்கு ஏற்ப மாற்றியமைத்தார். புதுப்பொறி எதனையும் அவர் படைக்கவில்லை; இருந்த பொறியைத் தோலின் இயல்புக்குப் பணிய வைத்தார். அவ்வளவே. ஆயினும் அந்த மாற்றம் ஒரு நகரத்தின் வாழ்வையே மாற்றிவிட்டது. இல்லத்திலிருந்த தையல் ஆலைக்குப் போயிற்று. ஆலையில் பொறியின்முன் அமர்ந்தவர்கள் இளம்பெண்கள். வீட்டிலே ஊசியும் நூலுமாக இருந்த தாய்மார்க்குக் கூலி சுருங்கியது.

1860 பிப்ரவரி 22 அன்று லின் நகரத்தில் காலணித் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச் 7 அன்று ஏறத்தாழ எண்ணூறு பெண்கள், கொட்டும் பனியில் தெருவில் அணிவகுத்துச் சென்றனர். ஆலையில் தைப்போரும் வீட்டில் தைப்போரும் ஒருமித்து நிற்பதா என்ற கேள்வி அவர்களிடையே கடும் வழக்காயிற்று. ஊசியின் இயக்கத்தில் செய்யப்பட்ட ஒரு சிறு மாற்றம், எத்தனை அடுப்புகளைத் தொட்டுவிட்டது என்பதை எண்ணிப் பார்க்கிறோம்.

இனி, மாற்றம் என்பது யாது என்பதையும் நாம் அறிந்துகொள்ளுதல் நலம். துணி என்பது இழைகளின் பின்னல். ஊசி இறங்கும்போது இழைகள் விலகி வழிவிடும். ஊசி வெளிவந்ததும் மீண்டும் கூடிக்கொள்ளும். தவறிய தையலைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் மறுபடி தைக்கலாம். தோலுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. அதில் விழுந்த துளை விழுந்ததுதான். ஆதலால் துணிக்குரிய உருண்டை முனை ஊசியை நீக்கி, வெட்டும் முனையுடைய ஊசியைப் பொருத்துகின்றனர். நூல் தடிப்பதால் ஊசியும் தடிக்கும். ஊசி தடித்தால் தகட்டின் துளையைப் பெருக்க வேண்டும்; நூலைப் பற்றும் கொக்கியின் இடைவெளியையும் நேரத்தையும் திருத்த வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும்.

அடுத்தது, தோலை முன்நகர்த்தும் முறை. துணிப் பொறியில் அடியிலுள்ள பல் துணியைக் கவ்வி நகர்த்தும். மேலே பாதம் அழுத்தி நிற்கும். தோலிலோ அப்பல் வடுவை உண்டாக்கும். பாதம் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். மேலுள்ள தோல் பின்தங்க, கீழுள்ளது முந்திவிடும். ஆதலால் பல்லைத் தேய்த்து மென்மையாக்குவர். பாதத்திற்குப் பதிலாகச் சிறு உருளையைப் பொருத்துவர். பாதமும் ஊசியும் தோலோடு சேர்ந்து நடக்கும் பொறிகளும் உள்ளன. ஆனால் அவை அவ்வாறே வார்க்கப்பட்டவை. பழைய பொறியில் அந்நடையை எளிதில் புகுத்த இயலாது.

மூன்றாவது, வேகம். நிமிடத்திற்கு 1440 சுற்றுச் சுழலும் மோட்டாரில் ஐம்பது மில்லிமீட்டர் கப்பியும், பொறியின் பக்கம் நூற்றைம்பது மில்லிமீட்டர் கப்பியும் இட்டால், பொறி 480 சுற்றே சுழலும். வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைய, அச்சைத் திருப்பும் வலுவோ மும்மடங்காகும். தடித்த தோலை ஊடுருவ வேண்டியது வேகமன்று, வலுவே. தையலின் நீளமும் கூட வேண்டும். அங்குலத்திற்குப் பன்னிரண்டு தையல் என்பது சட்டைக்கு அழகு. தடித்த தோலில் அவ்வளவு நெருக்கமாகத் துளையிட்டால், தபால்தலையின் ஓரம் போல அது கிழிந்துபோகும்.

இவ்வளவு செய்தும் ஓர் எல்லை உண்டு. சட்டைக்கென வார்த்த பொறி, மென்தோல் பைக்கும் காலணியின் மேல்பகுதிக்கும் பணியும். குதிரைச் சேணத்தின் தடித்த வாரை அதனிடம் கொடுத்தால் அச்சு வளையும், கொக்கி முறியும். அந்த எல்லையை அறிந்து நிற்பதே நல்ல மெக்கானிக்குக்கு இலக்கணம்.

இந்த வரலாறு நமக்கு எட்டாத தொலைவில் நடந்ததன்று. பாலாற்றங்கரையின் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டுக் கடல் கடந்து அனுப்பியவர்களில் நம் முஸ்லிம் வணிகர் முன்னணியில் நின்றனர். அந்தச் செல்வம் பள்ளிவாசலாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. 1919இல் வாணியம்பாடியில் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரிக்கும் துணை நின்றது. ஆயினும் நாம் அனுப்பியது தோல்; தைத்தது பிறநாடு. தையலில் விளைந்த ஊதியமெல்லாம் தைத்தவர்க்கே சேர்ந்தது. உள்நாட்டிலோ, தோலைத் தைத்த கைகளைத் தீண்டத்தகாதவையென ஒதுக்கி வைத்த சமூகம், அக்கைகளின் அறிவையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டது.

1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1972இல் சீதாராமையா குழு, பதனிட்டு முடித்த தோலாகவும் தைத்த பொருளாகவும் ஏற்றுமதி செய்ய வேண்டுமென்று பரிந்துரைத்தது. அதனைத் தொடர்ந்து பச்சைத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. பதனிட்டு விற்ற ஊர்கள் தைக்கக் கற்க வேண்டியதாயிற்று. முதலில் காலணியின் மேல்பகுதி, பின்னர் முழுக் காலணி என அத்தொழில் வளர்ந்தது. பொறிகளின்முன் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பொறி எட்டாத சில தையல்களை இன்றும் ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்கள் தம் வீட்டு வாசலில் அமர்ந்து, சோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குக் கையால் தைத்துத் தருகின்றனர். லின் நகரத்தில் 1860இல் எழுந்த கேள்வி, வேறொரு மொழியில் இங்கே இன்னும் விடை காணாமல் நிற்கின்றது.

சிங்கர் பொறிகளின் எண்ணோடு 'கே' என்னும் எழுத்து இருப்பதைக் காணலாம். ஸ்காட்லாந்தின் கில்போவி ஆலையில் செய்யப்பட்டது என்பதே அதன் பொருள். 1885இல் திறக்கப்பட்ட அவ்வாலை 1980இல் மூடப்பட்டது. பாதம் முழு வட்டமாகத் திரும்பி எத்திசையிலும் தைக்கும் அதன் 29கே என்னும் பொறி, ஆலை மறைந்த பின்னும் செருப்புக் கடைகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றது. பழம்பொறி ஒன்றை இரும்புக் கடைக்கு அனுப்பாமல், கப்பி மாற்றி, பல் தேய்த்து, ஊசி மாற்றி மறுவாழ்வு தருகிறவரின் பெயர் எந்தக் காப்புரிமை ஏட்டிலும் ஏறுவதில்லை. அவர் கற்றது ஏட்டிலிருந்து அன்று; ஆதலால் அவரோடே மறைந்தும் போகின்றது.

ஹோவையும் சிங்கரையும் நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கட்டும், அது வேண்டுவதே. அதனோடு, அப்பொறியைத் தோலுக்குப் பணிய வைத்த கையையும், அதன்முன் குனிந்திருக்கும் பெண்ணின் முதுகையும் அவர்கள் அறிதல் வேண்டும். தோல் ஊர்களில் உள்ள நம் கல்லூரிகள் முதிய மெக்கானிக்குகளின் அனுபவத்தைக் கேட்டு எழுதி வைக்கலாம். நம் வணிகப் பெருமக்கள், வாசலில் அமர்ந்து தைக்கும் பெண்ணின் கூலியைத் தம் கணக்கேட்டின் முதல் வரியில் எழுதலாம். தோலில் விழுந்த துளை மூடாது. கூலியில் விழுந்த துளையை மூடுவதற்கோ மனிதருக்கு மனமிருந்தால் போதும்.