பேசும் உலகமும் பார்க்கச் சொல்லும் உலகமும்

‘தி விட்சர் 3: வைல்ட் ஹண்ட்’ விளையாட்டில் மனைவியையும் மகளையும் தொலைத்த ஒரு பிரபு வருகிறார். ‘எல்டன் ரிங்’ விளையாட்டில் மகளை இழக்கப்போகும் ஒரு கோட்டைத் தளபதி வருகிறார். முதல் விளையாட்டை 2015 மே மாதத்தில் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் வெளியிட்டது. இரண்டாவதை ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கியது; அது 2022 பிப்ரவரியில் வந்தது. இரண்டும் திறந்த உலக ஆக்‌ஷன் ஆர்பிஜி வகை. தத்தம் ஆண்டில் தி கேம் அவார்ட்ஸின் ‘ஆண்டின் சிறந்த விளையாட்டு’ விருதை வாங்கியவை. வாள், குதிரை, பாழடைந்த அரசுகள் என்று வெளியே பார்த்தால் ஒரே குடும்பம்தான். ஆனால் ஒரு தந்தையின் துயரத்தை ஆடுபவரிடம் எப்படிக் கொண்டுவந்து சேர்க்கின்றன என்று பார்த்தால், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது தெரிந்துவிடும். அதைச் சொல்ல முடிவுகளையும் சொல்லியாக வேண்டும்; இனிமேல்தான் ஆடப்போகிறவர்கள் அதை அறிந்து மேலே படிக்கவும்.

விட்சரின் வேலன் பகுதி, படைகள் மிதித்து நாசமாக்கிய சதுப்பு நிலம். அங்கே க்ரோஸ் பெர்ச் என்னும் கோட்டையில் குடியேறியிருப்பவர் ஃபிலிப் ஸ்ட்ரெங்கர். ஊரார் அவரை ‘பிளடி பேரன்’ என்கிறார்கள் (பேரன் என்றால் பிரபு). நாம் ஆடும் கெரால்ட், தான் வளர்த்த சிரியைத் தேடி அவரிடம் போகிறான். சிரியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் காணாமல்போன மனைவி ஆனாவையும் மகள் டமாராவையும் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்கிறார் பேரன். தேடத் தேட உண்மை வெளிவருகிறது. இருவரும் குடித்துவிட்டு அடிக்கும் மனிதரிடமிருந்து தப்பி ஓடியவர்கள். அந்த வீட்டில் கலைந்துபோன ஒரு கரு, பெயர்கூட இல்லாமல் புதைக்கப்பட்டு, பேயாக எழுந்திருக்கிறது. நாம் விரும்பினால் அதை வாளால் தீர்த்துவிடலாம். அல்லது பேரனே அதைக் கையில் ஏந்தி இரவில் வீட்டு வாசல்வரை நடக்க, நாம் காவலாகக் கூடப் போகலாம். வாசலில் அவர் அதற்கு டீயா என்று பெயர் சூட்டிப் புதைக்கிறார். அந்தக் கணத்தில் அவரை வெறுக்கவும் முடியாமல், மன்னிக்கவும் மனம் வராமல் நிற்கிறோம். இவ்வளவு கனமான ஓர் உணர்வை இந்த வகை விளையாட்டுகளில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

கதை அதோடு முடிவதில்லை. சதுப்பின் நடுவே ஒரு மரத்தடியில் சிறைப்பட்ட ஆவி, தன்னை விடுவித்தால் அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறது. விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஆனால் பக்கத்துக் கிராமம் அழிகிறது, ஆனா சாபம் பெற்று இறக்கிறாள், பேரன் தூக்குப் போட்டுக்கொள்கிறார். ஆவியைக் கொன்றால் குழந்தைகள் பலியாகிறார்கள். ஆனா புத்தி பேதலித்து உயிரோடு இருக்கிறாள். அவளைக் குணப்படுத்தப் பேரன் தொலைதூர மலைக்கு அழைத்துப் போகிறார். முடிவெடுக்கும் நேரத்தில் இதில் எதுவும் நமக்குத் தெரியாது. விளைவு வந்து சேரும்போது சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிப் போக மனம் வராத அளவு நாழிகை கடந்திருக்கும். நல்லது, கெட்டது என்று இரு பொத்தான்களை வைத்து அறத்தை அளந்த பழைய ஆர்பிஜிகளுக்கு இந்த ஒரு குவெஸ்ட்டே போதுமான பதில்.

இப்போது எல்டன் ரிங். தெற்கே வீப்பிங் தீபகற்பத்தில் சாலையோரம் ஐரினா என்ற பார்வையற்ற பெண் உட்கார்ந்திருக்கிறாள். மோர்ன் கோட்டையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்துவிட்டார்கள். தந்தை எட்கர் இன்னும் உள்ளே இருக்கிறார். இந்தக் கடிதத்தைக் கொடுங்கள் என்கிறாள். கொண்டுபோய்க் கொடுத்தால், கோட்டையின் வாளைக் காக்காமல் வர முடியாது என்கிறார் அவர். அங்கே பாஸாக நிற்கும் பெரிய எதிரியை வீழ்த்திவிட்டுத் திரும்பிவந்தால் சாலையோரத்தில் ஐரினா பிணமாகக் கிடக்கிறாள். எட்கர் அருகில் இருந்து பழிவாங்கச் சூளுரைக்கிறார். அவளைக் காப்பாற்ற வழியே கிடையாது. வெகுநேரம் கழித்து லியுர்னியா என்ற பகுதியின் ஒரு குடிசையருகே ஓர் ஆள் நம்மைக் கொல்ல வருகிறான். பெயரைப் பார்த்தால் எட்கர். ஏன் வந்தார், எப்படி இப்படி ஆனார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேரனின் கதை பல மணி நேரம் ஓடுகிறது. எட்கரின் கதைக்குச் சில வரி வசனம்தான். மிச்சமெல்லாம் ஒரு சாலை, ஒரு கோட்டை, ஒரு பிணம், ஒரு குடிசை.

விட்சர் 3 மனிதர்கள் பேசுவதற்காகக் கட்டிய உலகம். அதன் நிலம் அந்தப் பேச்சுக்குப் பின்னணியாக நிற்கிறது. எல்டன் ரிங் கண்ணால் பார்த்து நடப்பதற்காகக் கட்டிய உலகம். அதன் மனிதர்கள் நிலத்தில் கிடைக்கும் தடயங்கள். இரண்டிலும் எனக்குக் குறையாகத் தெரிபவை பெரும்பாலும் இந்த அடிப்படைத் தேர்விலிருந்தே கிளைத்தவை. கவனக்குறைவால் வந்தவை குறைவு.

மேப்பை எடுத்துக்கொள்வோம். விட்சரில் ஊர் அறிவிப்புப் பலகையைப் படித்ததும் மேப்பில் கேள்விக்குறிகள் முளைக்கின்றன. திரையின் மூலையில் மினிமேப், அதில் புள்ளிக் கோடாக வழி. தடயம் தேட விட்சர் புலனை இயக்கினால் காலடித் தடமும் இரத்தக் கறையும் சிவப்பாக மின்னுகின்றன. அருமையாக எழுதிய ஒரு துப்பறியும் கதையில் நாம் செய்வதெல்லாம் சிவப்பைப் பின்தொடர்வதுதான். கெரால்ட் யோசிக்கிறான், நாம் நடக்கிறோம். ஸ்கெலிகே தீவுகளைச் சுற்றிய கடல் இதன் உச்சம்: அலைமேல் வரிசையாகக் கேள்விக்குறிகள், போய்ப் பார்த்தால் கடத்தல்காரர்களின் பீப்பாய்கள், மேலே வட்டமிடும் சைரன்கள். அவற்றில் ஒன்றுக்கும் கதை இல்லை. கதைக்காகவே வாழும் ஒரு விளையாட்டில் கதையில்லாத இடங்களை இத்தனை நிரப்பியது ஏன் என்று எனக்கு இன்றும் வருத்தம். மினிமேப்பை அணைத்துவிட்டு ஆடலாம்தான். ஆனால் ஆற்றைக் கடந்து இடப்பக்கம் போ என்று வழி சொல்லும் வசனங்கள் பல குவெஸ்ட்களில் எழுதப்படவே இல்லை. அந்த வேலையைப் புள்ளிக் கோட்டிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

எல்டன் ரிங்கில் முதலில் மேப்பே வெறுமையாக இருக்கும். அதில் சிறு தூண் குறி ஒன்று தெரியும். அங்கே போனால் அந்தப் பகுதிக்கான மேப் துண்டு கிடைக்கும். ஓய்விடங்களான ‘சைட் ஆஃப் கிரேஸ்’களில் சிலவற்றில் தங்க ஒளிக்கீற்று ஒரு திசையைக் காட்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கண் வேலை. தொடக்கப் பகுதியான லிம்கிரேவில் வெளியே வந்ததும் சாலையில் பொன் கவசக் குதிரைவீரன் திரிகிறான். மோதினால் சாவு, சுற்றிப் போனால் பிழைப்பு. விளையாட்டு முதல் பாடத்தை ஒரு வார்த்தை பேசாமல் நடத்திவிடுகிறது. ஏரியின் நடுவே உள்ள இடிபாட்டில் ஒரு பெட்டியைத் திறந்தால், அது நம்மைத் தூக்கி கேலிட் பகுதியின் சுரங்கத்தில் போட்டுவிடுகிறது. தப்பி வெளியே வந்தால் சிவந்து அழுகிய வானம். மிஸ்ட்வுட் காட்டில் ஒரு லிப்ட் இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் பூமிக்கு அடியில் விண்மீன்கள் பூத்த ஒரு வானம் திறக்கிறது. சியோஃப்ரா ஆறு. எந்தக் குறியும் நம்மை அங்கே அழைத்து வரவில்லை என்பதால்தான் அந்தக் காட்சி நம்முடையதாகிறது. ரடான் என்ற பாஸை வீழ்த்தியபின் விண்கல் விழுந்து நிலத்தில் பள்ளம் உண்டாக, அதன் வழியே நோக்ரான் நகருக்குப் போகும் பாதை திறப்பதும் இதே வகைதான். நிலமே கதையை நகர்த்துகிறது.

இந்த மௌனத்துக்கும் விலை உண்டு. வெளியானபோது, சந்தித்த ஆட்களை மேப்பில் குறித்து வைக்கும் வசதிகூட இல்லை. அடுத்த மாதமே 1.03 பேட்சில் அதைச் சேர்த்தார்கள். நெஃபெலி லூ போன்ற சிலரின் பாதியில் நின்ற கதைகளையும் அதே பேட்ச் நீட்டியது. குவெஸ்ட் குறிப்பேடு இன்றுவரை இல்லை. மில்லிசெண்ட் என்ற பெண்ணின் கதையை எந்த உதவியும் இல்லாமல் முடித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவள் ஓரிடத்திலிருந்து மறைந்து, வெகுதொலைவில் வேறோர் இடத்தில் நிற்பாள். எங்கே என்று சொல்ல ஆளில்லை. நிலத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்பம். நகர்ந்துகொண்டே இருக்கும் மனிதரை இவ்வளவு பெரிய நிலத்தில் குறிப்பில்லாமல் தேடுவது வேறு விஷயம். ஃப்ரம்சாஃப்ட்வேரின் முந்தைய டார்க் சோல்ஸ் வரிசையில் பாதைகள் குறுகியவை, ஆகவே இந்த முறை செல்லுபடியாயிற்று. உலகம் பத்து மடங்கு விரிந்ததுபோல் தோன்றும் இடத்தில் அதே முறையை அப்படியே கொண்டுவந்ததை நான் பிழை என்றே சொல்வேன்.

சண்டையில் எல்டன் ரிங்குக்குப் பக்கத்தில் விட்சர் நிற்க முடியாது. கெரால்டிடம் மனிதருக்கு எஃகு வாள், பேய்களுக்கு வெள்ளி வாள், ஐந்து மந்திரக் குறிகள், எண்ணெய்கள், கஷாயங்கள் எல்லாம் உண்டு. எந்தப் பேய்க்கு எது ஆகாது என்று குறிப்பேடு விரிவாகச் சொல்கிறது. வேட்டைக்கு முன் படித்துத் தயாராகும் இந்த எண்ணம் மிக நல்ல எண்ணம். ஆனால் நான்கு கடின நிலைகளில் கீழே உள்ளவற்றில் அது தேவையே படுவதில்லை. குவென் என்ற குறியால் கவசம் போட்டு, விலகி, விறுவிறுவென்று வெட்டினால் எல்லாம் முடிந்துவிடுகிறது. எல்டன் ரிங்கில் ஒவ்வொரு வீச்சுக்கும் எடை இருக்கிறது. ஓங்கிய வாளைப் பாதியில் நிறுத்த முடியாது. அந்த அரை நொடிக்கு நாமே பொறுப்பு. மார்கிட் என்ற பாஸிடம் தோற்றால் தெற்கே போய் வலுப்பெற்று வரலாம், அல்லது ஸ்டார்ம்வேல் கோட்டையையே சுற்றிக்கொண்டு லியுர்னியாவுக்குப் போய்விடலாம். கடின நிலையைத் தேர்வு செய்யும் பொத்தான் இல்லாவிட்டாலும் இந்தச் சுதந்திரம்தான் அந்தப் பொத்தான்.

பிற்பகுதியில் அந்தச் சுதந்திரம் கைவிட்டுப் போகிறது. ராட்சதர் மலைக்கு மேல் ஏறியபின் எதிரிகளின் அடி திடீரென்று கூடிவிடுகிறது, நிலமோ வெறிச்சோடி இருக்கிறது. மலேனியா என்ற பாஸ் ஒவ்வொரு முறை நம்மை வெட்டும்போதும், கேடயத்தில் பட்டால்கூட, அவளுக்கு உயிர் ஏறுகிறது. சண்டையைத் தானே முயன்று கற்றுக்கொள்ளலாம் என்ற வாக்குறுதி அங்கே ஆட்டம் காண்கிறது. பாஸ்கள் திரும்பத் திரும்ப வருவதிலும் அலுப்பு உண்டு: நிலத்தடிக் கல்லறைகளில் அதே கல் நாய்ப் பொம்மை, வெளியே அதே எர்ட்ட்ரீ அவதார், காட்ரிக் என்ற பாஸை அப்படியே நகல் எடுத்த காட்ஃப்ராய். முதல் சந்திப்பில் திகைக்க வைத்த ஒரு பாஸ் பிறகு சாதாரணமாக மீண்டும் வரும்போது, முதல் திகைப்பும் பின்னோக்கித் தேய்கிறது. ஸ்கெலிகேயின் பீப்பாய்களுக்கு எல்டன் ரிங்கில் இணையானது எது என்றால், இதுதான்.

பாத்திரமாக வாழ்தல் என்பதிலும் இவை எதிரெதிர். கெரால்ட் ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கியின் நூல்களிலிருந்து வந்த, வயதும் கடந்தகாலமும் உள்ள ஆள். அவனை நாம் படைக்க முடியாது. இந்த மனிதன் இப்போது என்ன செய்வான் என்று முடிவெடுக்க மட்டும் முடியும். எல்டன் ரிங்கின் ‘டார்னிஷ்ட்’ வாய் பேசாத ஆள். ஆனால் எட்டுப் பண்புகளில் எதை வளர்ப்பது, எந்த ஆயுதம், எந்த மந்திரம் என்று உடலை முழுக்க நாமே செதுக்குகிறோம். விட்சரில் திறன் வளர்ச்சி ஒப்புக்கு நடக்கிறது. சிரமப்பட்டு எடுத்த வாளுக்கு லெவல் போதாது என்று பையில் கிடக்கும். லெவல் வரும்போது ஒரு சாதாரண வாள் அதைவிடக் கூர்மையாக இருக்கும். நம் லெவலுக்குக் கீழே போய்விட்ட குவெஸ்ட்களுக்கு அனுபவப் புள்ளி ஏறக்குறைய எதுவும் இல்லை. மனதைத் தொடும் ஒரு கிராமத்துக் கதையை முடித்தவுடன் திரை அந்தச் சொற்ப எண்ணைக் காட்டுவது, எழுதியவர்களின் உழைப்புக்கே அநியாயம்.

இன்னொரு பழைய குறை, அவசரம். சிரியை வைல்ட் ஹண்ட் என்னும் பேய்ப்படை துரத்துகிறது என்கிறார்கள்; கெரால்ட்டோ விடுதியில் க்வெண்ட் சீட்டாடிக்கொண்டிருக்கிறான். நோவிக்ராட் நகரில் நண்பன் டாண்டிலியனைத் தேடும் நீண்ட அலைச்சலில் இந்த விரிசல் நன்றாகவே தெரிகிறது. எல்டன் ரிங்கில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. அங்கே பேரழிவு நடந்து முடிந்து வெகுகாலமாயிற்று; உலகம் நின்றுபோன நிலையில் காத்திருக்கிறது. எவ்வளவு அலைந்தாலும் கதைக்கு முரணில்லை. இதை நான் ஒரு பெரிய சாமர்த்தியமாகக் கருதுகிறேன்: திறந்த உலகத்துக்கு எந்த மாதிரிக் கதை பொருந்தும் என்பதை முன்னமே யோசித்திருக்கிறார்கள். இயக்குநர் ஹிடேடகா மியாசாகி, புராணப் பின்னணியை எழுதும் பொறுப்பை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினிடம் கொடுத்தார். அந்தப் புராணம் இடிபாடுகளாகவே நம் கைக்கு வருகிறது.

தங்கள் குறைகளைப் படைத்தவர்கள் உணர்ந்தார்களா என்பதற்கு விரிவாக்கங்களே சாட்சி. 2015 அக்டோபரில் வந்த ‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்’ புதிய பெருநிலம் எதையும் திறக்கவில்லை. ஓல்கியர்ட் என்ற ஒரு மனிதர், காண்டர் ஓடிம் என்ற ஒரு வியாபாரி, இருவருக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான். பாஸ் சண்டைகளும் மூல விளையாட்டைவிடக் கூர்மை. விட்சர் தன் பலத்தை மட்டும் நம்பினால் எவ்வளவு உயரும் என்று அது காட்டியது. 2024 ஜூனில் வந்த ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ நிலத்தை அகலத்தில் விரிக்காமல் மாடி மாடியாக அடுக்கியது. அந்த அடுக்குகளில் வழி கண்டுபிடிப்பது மூல விளையாட்டைவிட நுட்பமான இன்பம். ஆனால் அபிஸல் வுட்ஸ் காட்டில் குதிரையையும் இறக்கிவிட்டு, அச்சத்தைத் தவிர அதிகம் எதுவும் வைக்காத வெளியில் நம்மை நடக்க விடுகிறது. ஆட்களின் குவெஸ்ட்களும் பழையபடியே தொலைகின்றன. சிடி ப்ராஜெக்ட் தன் குறையிலிருந்து விலகி நடந்தது. ஃப்ரம்சாஃப்ட்வேர் தன் குறையைத் தன் குணமாகவே வைத்துக்கொண்டது.

இரண்டையும் புதிதாகத் தொடங்குபவர் விட்சரில் கேள்விக்குறிகளை அணைத்துவிட்டு, ஊர்ப் பலகையில் ஒட்டிய காகிதங்களை மட்டும் நம்பிப் போகலாம். ஸ்கெலிகேயின் கடலைத் தொடவே வேண்டாம். எல்டன் ரிங்குக்குக் கையருகே ஒரு நோட்டுப் புத்தகம் போதும். யாரை எங்கே கண்டோம், என்ன கேட்டார் என்று இரண்டு வரி எழுதிவைத்தால் மில்லிசெண்ட்டைத் தொலைக்காமல் இருக்க வாய்ப்புண்டு.