மின்னாக்கி நம் வாசலுக்கு வந்த வரலாறு

மின்சாரம் நின்ற சில நிமிஷங்களில், கடைவீதியின் நடைபாதையிலும் வீட்டு வாசல்களிலும் சிறு இயந்திரங்கள் படபடவென்று ஓசையிடத் தொடங்கும். டில்லி போன்ற வடநாட்டு நகரங்களில் வாழ்ந்த தமிழர்கள் இந்த ஓசையை நன்கு அறிவர். கைப்பெட்டியைப் போல் தூக்கிச் செல்லத்தக்க இந்த மின்னாக்கி எவ்வாறு நம் வாசலுக்கு வந்தது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

காந்தத்தின் அருகே கம்பிச் சுருள் அசையும்போது அதில் மின்னோட்டம் பிறக்கிறது என்னும் உண்மையை 1831-ல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். மின்சார யுகத்திற்கு வித்திட்டது இதுவே. 1866-ல் ஜெர்மனியில் வெர்னர் சீமன்ஸ், தன் காந்த ஆற்றலைத் தானே வளர்த்துக்கொள்ளும் டைனமோவை அமைத்தார். நம் நாட்டில் 1897-ல் டார்ஜிலிங் நகரம் நீர்வீழ்ச்சியினின்று மின்னொளி பெற்றது. 1899-ல் கல்கத்தாவில் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1902-ல் சிவசமுத்திரத்து மின்சாரம் கோலார் தங்க வயலுக்குச் சென்றது. தமிழ்நாட்டில் பைக்காரா திட்டம் 1932-ல் பலன் தந்தது.

ஆயினும் மின்கம்பிகள் எட்டாத ஊர்களே அந்நாளில் மிகுதி. அத்தகைய ஊர்களுக்கு எண்ணெய் இயந்திரத்தையும் டைனமோவையும் வண்டியில் ஏற்றிச் சென்றவை சுற்றுலாத் திரைப்படக் கொட்டகைகளாம். நம் கிராமத்தார் பலர் மின் விளக்கை முதன்முதல் கண்டது கொட்டகை வாசலில்தான் என்றால் அது மிகையாகாது.

வீட்டிற்கேற்ற சிறு மின்னாக்கியோ ஜப்பானின் கொடை. ஹோண்டா நிறுவனத்தார் 1965-ல் வெளியிட்ட இ-300 என்னும் இயந்திரம் 300 வாட் ஆற்றல் தந்தது. இந்தியாவில் 1985-ல் ஸ்ரீராம் குழுமமும் ஹோண்டாவும் கூட்டாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை ருத்ரபூரில் எழுந்தது. மின்சாரத் தேவை உற்பத்தியை விஞ்சியிருந்த காலம் அது. ஆகவே பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் சிறு இயந்திரங்கள் கடைதோறும் வீடுதோறும் இடம் பெற்றன.

2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களை வடநாட்டுத் தமிழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முதல் நாள் வடக்கு மின் தொகுப்பு வீழ்ந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் வீழ்ந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி மின்சாரம் இழந்தது. டில்லி மெட்ரோ நின்றது. ரயில்கள் நடுவழியில் நின்றன. மருத்துவமனைகளைக் காத்தவை மின்னாக்கிகளே. தெற்குத் தொகுப்பு அப்பொழுது வடக்குடன் ஒரே அதிர்வெண்ணில் இணையாதிருந்தமையால் இவ்வீழ்ச்சி அதைத் தொடவில்லை. ஆனால் அந்தத் தனிமைக்கும் விலை உண்டு. அதே ஆண்டில் தமிழ்நாடு நீண்ட மின்வெட்டால் வாடியபோது, வடக்கேயிருந்து வேண்டுமளவு மின்சாரம் கொண்டுவரப் போதிய பாதை இல்லை. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை இயங்கியபின்னரே நாடு முழுவதும் ஒரே தொகுப்பாயிற்று.

இன்று வீடுகளில் மின்கல இன்வெர்ட்டர் மிகுந்துவிட்டது. எனினும் சிறு மின்னாக்கி மறைந்துவிடவில்லை. இதைக் கையாள்வோர் இரண்டு அபாயங்களை உணர்ந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, அதன் புகை. எரிபொருள் எரியும்போது தோன்றும் கார்பன் மோனாக்சைடு வாயுவிற்கு நிறமும் மணமும் கிடையாது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு இது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாகப் பிணைகிறது. உறங்குவோர் உணராமலே உயிர் நீப்பர். ஆகவே அறையிலும், மூடிய பால்கனியிலும், மாடிப்படிக் கீழும் இயந்திரத்தை ஒருபோதும் இயக்கலாகாது. வீட்டினின்று இருபதடி தொலைவில், புகைபோக்கி சன்னல்களுக்கு எதிர்த்திசையை நோக்குமாறு வைத்தலே முறை. மழை பெய்கிறதென்று உள்ளே கொணர்வது, நனையாமலிருக்க வேண்டி உயிரை இழப்பதாகும்.

இரண்டாவது, பின்னோக்கி ஓடும் மின்சாரம். மின்னாக்கியின் கம்பியைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகிவிட்டால், மின்சாரம் வீட்டோடு நில்லாது தெருக்கம்பிக்கும் பாயும். மின்மாற்றி இருதிசையிலும் வேலை செய்யும் கருவி. 230 வோல்ட்டு அங்கே பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்துவிடும். மின்சாரம் இல்லையென நம்பிக் கம்பத்தின்மேல் கைவைக்கும் ஊழியரின் கதி என்னாகும்? பொதுக்கம்பியை வீட்டினின்று முற்றிலும் துண்டித்த பின்னரே மின்னாக்கியை இணைக்கும் மாற்றுச் சுவிட்சைத் தேர்ந்த மின்பணியாளரைக்கொண்டு பொருத்துதல் இன்றியமையாதது. அது இயலாவிடில், வேண்டிய விளக்கையும் விசிறியையும் இயந்திரத்திலேயே நேராக இணைத்துக்கொள்ளலாம்.

இருட்டில் நமக்கு ஒளி தேடும்போது, நமக்காகக் கம்பமேறி அந்த இருட்டை அகற்ற முயல்பவரையும் நினைவிற்கொள்வது நம் கடமையாகும்.