பி10 டீசல்: செம்பனையிலிருந்து வண்டித் தொட்டிக்கு

100 லிட்டரில் 10 லிட்டர் செம்பனை மெத்தில் எஸ்டர் கலந்த டீசலே பி10. செம்பனை எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்து இந்த எஸ்டர் தயாரிக்கப்படுகிறது. மலேசியாவில் 2011இல் பி5 அறிமுகமானது. 2019 பிப்ரவரியில் போக்குவரத்துத் துறைக்குப் பி10 கட்டாயமாக்கப்பட்டது.

கலும்பாங் வட்டாரத் தோட்டங்களில் குலை ஏற்றும் லோரிகளுக்கு டீசலே உணவு. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் அதன் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. 60 லிட்டர் நிரப்பினால் 72 ரிங்கிட் கூடுதல் செலவு.

தகுதிபெற்ற தனிநபர் டீசல் வாகன உரிமையாளர்களுக்குப் புடி மடானி திட்டத்தில் மாதம் 200 ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. அன்றைய விலையேற்றத்தில் அது ஏறத்தாழ 166 லிட்டருக்கு ஈடு. பெரிய வண்டிக்கு அந்த ஈடு விரைவில் தீரும்.

பி10இல் 90 விழுக்காடு பெட்ரோலிய டீசலே. ஆகவே, செம்பனை விளையும் ஊரிலும் டீசல் விலை உலகச் சந்தையைச் சார்ந்தே இருக்கிறது.