இடைநின்று ஏற்கும் விரிப்பு

அச்சுக்கலையின் வரலாற்றைப் பேசும்போது எழுத்தையும் இயந்திரத்தையும் நாம் போற்றுகிறோம். இரண்டுக்கும் இடையே உருளையைத் தழுவிக்கிடக்கும் ரப்பர் விரிப்பை எவரும் நினைப்பதில்லை. அச்சகத்தார் அதனைப் 'பிளாங்கெட்' என்பர். தறியொலி கேட்டு வளர்ந்த பள்ளிப்பட்டு வட்டாரத்தார் அதன் கதையை அறிதல் நன்று. ரப்பருக்கு அடியில் அதனைத் தாங்கி நிற்பது நெய்த துணியே.

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் என்றிக்கே அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. மையிட்ட உலோக எழுத்தின்மேல் தாளை வைத்து அழுத்துவதே அன்றைய முறை. 1814இல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழை பிரெடெரிக் கேனிக்கின் நீராவி உருளை இயந்திரம் மணிக்கு ஏறத்தாழ 1,100 தாள்களாக அச்சிட்டது. வேகம் வந்தது, ஆயினும் கடினமான உலோகம் முரட்டுத் தாளின் மேடுகளைத் தொட்டதேயன்றிப் பள்ளங்களை எட்டவில்லை. அழுத்தத்தைக் கூட்டினால் எழுத்தே தேய்ந்தது.

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. தகரத்தில் அச்சிட முயன்ற இங்கிலாந்தின் ராபர்ட் பார்க்லே, 1875இல் இடையே ஓர் உருளையை அமைத்தார். கல்லில் இருந்த படிமத்தை உருளை ஏற்றுத் தகரத்துக்கு வழங்கியது. முதலில் அதன்மேல் அட்டை சுற்றப்பட்டது. பின்னர் ரப்பர் பூசிய துணி அவ்விடத்தைப் பெற்றது. 1904ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஐரா ரூபெல் என்பவரின் கல்லச்சு இயந்திரத்தில் ஒரு தாள் செல்லத் தவறியது. மை ரப்பர் உருளையில் பதிந்து, அடுத்த தாளின் பின்புறம் ஏறியது. பழுதென்று எறியத்தக்க அத்தாளை அவர் உற்று நோக்கினார். கல் நேரே தந்த அச்சைவிட ரப்பர் தந்ததே தெளிவாயிருந்தது! தாளில் ஆஃப்செட் அச்சு தோன்றியது இவ்வாறே.

அதன்பின் விரிப்பே ஆராய்ச்சிப் பொருளாயிற்று. வெறும் ரப்பர் இழுபடும். ஆகவே நெய்த துணி அடுக்குகள் சேர்க்கப்பட்டன. பாவு நூல் உருளையைச் சுற்றிச் செல்லுமாறு விரிப்பைப் பூட்ட வேண்டும். ஊடை அத்திசையில் வந்தால் விரிப்பு நீளும், படிமம் பிறழும். மடிந்த தாள் நுழைந்தால் பழைய விரிப்பில் நிரந்தரப் பள்ளம் விழுந்தது. எனவே நுண்ணிய காற்றறைகள் கொண்ட அடுக்கை உள்ளே அமைத்தனர்; அது அமுங்கியும் மீண்டெழும். விரிப்பைப் பூட்டும் இடைவெளி உருளையில் அதிர்வை எழுப்பியது. 1990களில் பரவிய இணைப்பில்லாக் குழல்வடிவ விரிப்பு அதனையும் நீக்கியது.

இவ்வரலாறு நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. முரட்டுத் தாளிலும் சொல்லைத் தெளிவாகப் பதித்தது மிகுந்த அழுத்தமன்று. இடைநின்று ஏற்று, பிறழாமல் வழங்கிய மென்மையே. அமுங்குதல் இழுக்கன்று, அமுங்கியபின் மீளாமையே குறை. தமிழும் தெலுங்கும் கலந்து வாழும் நம் எல்லைப்புற ஊர்களில், இருவர் பிணங்கும்போது ஒருவர் சொல்லை மற்றவரிடம் பழுதின்றிச் சேர்ப்போர் இன்றும் உள்ளனர். அச்சான தாளில் விரிப்பின் பெயர் இருப்பதில்லை. அன்னோர் பெயரும் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. ஆயினும் அவர்கள் இன்றேல் எச்சொல்லும் தெளிவாகச் சென்று சேராது அன்றோ!